சாவடிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டால் அவர் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். எதிரில் நிற்கும் ஆளுக்கு எந்தப் பதில் பிடிக்கும், எதைச் சொன்னால் கட்டையைத் தூக்கி வழி விடுவான் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி போதும். அதற்குள் பதில் தயாராகிவிடும். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போகிற வழியில் எத்தனை சோதனைச் சாவடி உண்டோ அத்தனைக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. எங்கள் வீட்டையும் அவர் ஒரு சாவடியாகத்தான் வைத்திருந்தார் என்பது எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது. உறவுக்காரர் இல்லை. அம்மா அவரை அண்ணா என்பாள், அதனால் எனக்கு மாமா. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வண்டியோடு வருவார். ரேஷன் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, குளிக்காமல்கூட எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பிப்பார். அப்பா அப்போது கோழிப்பண்ணைத் தீவன வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சேந்தமங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்.

“ஆந்திராவுல போலீசு புடிச்சா எம்பொண்டாட்டிக்கு நெல்லூருன்னு சொல்லிப்போடுவேன் தங்கச்சி. மாப்பிள்ளைன்னு உட்டுருவாங்க. ஒரிசாவுல அம்மா சாகக் கெடக்குதும்பேன்.”

“அப்ப உங்கம்மா எத்தன தடவ சாகக் கெடந்திருப்பாங்க?” என்று அப்பா கேட்பார்.

“நூறு தடவ கெடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பொழைச்சுக்கும், கெட்டிக்காரி.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அவர் வண்டியில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை உண்டு. அதில் ஆஞ்சநேயர், வேளாங்கண்ணி மாதா, பச்சைக் கோபுரத்தோடு ஒரு தர்கா, மூன்று படங்கள். கிளிப் போட்டு மாட்டியிருப்பார். ஊருக்கு ஏற்றபடி ஒருவர் முன்னால் வருவார், மற்ற இருவரும் சீட்டுக்கு அடியில் போவார்கள். “ஆஞ்சநேயருக்கு பீகார் வரைக்கும் டூட்டி. மலை ஏறுனா மாதா ஏறிக்குவா. எல்லாருக்கும் ரெஸ்ட்டு வேணுமில்ல?” என்பார். இதை நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கட்டுரையில்கூட எழுதினேன், மத நல்லிணக்கம் என்ற தலைப்பில். ஆசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

அவர் எனக்குச் செய்த உதவிகளைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். சேலத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கு அவர்தான் என்னோடு வந்தார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பேருந்தில் ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாது. எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் மதிப்பெண்ணுக்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அலுவலகத்தில் எங்களை ஒரு மணி நேரம் நிற்க வைத்திருந்தார்கள். கடைசியில் எழுத்தர் தலை நிமிராமல், “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“டிரான்ஸ்போர்ட் வெச்சிருந்தாருங்க. நாலு வண்டி. நான் அவுங்க மேனேஜருங்க.”

எழுத்தர் நிமிர்ந்தார். எனக்கு நாற்காலி வந்தது. வெளியே வந்ததும், “எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?” என்று சண்டை போட்டேன்.

“பொய்யி என்ன சாமி? நாற்காலி வந்துச்சில்ல?”

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா இறந்தது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது. மாமாவோடு எப்போதும் இரண்டாவது டிரைவராகப் போகிறவருக்கு, சேலத்து அந்தோணி என்பவருக்கு, மஞ்சள் காமாலை வந்துவிட்டது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் பைப் லோடு, மிசோரம் எல்லைக்கு. ஆள் கிடைக்கவில்லை. “ஒரு நடை வாடா, மேகம் உள்ள பூந்து போறதக் காட்டறேன்” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா சந்தோஷமாகப் போனார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி, என்னிடமிருந்து ஒரு பழைய ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போனார். அது அவருக்குப் பத்தவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து மாமா மட்டும் வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு சொம்பு. மலையில் மண் சரிந்து வழி அடைத்து மூன்று நாள் வண்டிகள் வரிசையில் நின்றதாம். குளிரில் நெஞ்சு வலி வந்ததாம். தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். உடம்பைக் கீழே கொண்டுவர வழியில்லாமல் ஆற்றங்கரையில் எரித்ததாகச் சொன்னார்.

எரித்தது என்ற சொல் எங்கள் வீட்டில் எப்படி விழுந்தது என்று வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் ஆட்களில் எரிப்பதில்லை. தெற்கே தலை வைத்துப் புதைப்பதுதான். அப்பாவின் அப்பா, அவர் தம்பி, எல்லாரும் ஓடைக் காட்டில் மண்ணுக்குள் இருக்கிறார்கள். அம்மா சொம்பை மடியில் வைத்து அதற்குள் கையை விட்டாள். வெகுநேரம் துழாவினாள்.

“எலும்பே தட்டுப்படலீங்களே அண்ணா.”

அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “அங்கத்த வெறகு நெம்பச் சூடு தங்கச்சி. எல்லாம் பூவாட்டம் பொடிஞ்சிருது.”

அம்மா கையை வெளியே எடுத்தாள். அந்தச் சாம்பலை ஜேடர்பாளையத்தில் காவிரியில் கரைத்தோம். சில வாரங்களில் இறப்புச் சான்றிதழையும் அவரே வாங்கிக் கொடுத்தார். வீட்டில் நான்தான் அதைப் படித்தேன். இறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு முகவரி இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அங்கத்த தாளு இங்க செல்லாது சாமி. அங்க போயி எழுதி வாங்கோணும்னா ஒரு வருசம் ஆயிரும்.”

படிக்கத் தெரிந்தவள் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. படித்தேன், கேட்டேன், நம்பினேன்.

அதன் பிறகு அம்மா மாறிப்போனாள். அழுது முடித்துவிட்டாள், ஆனால் நெருப்பு அவளை விடவில்லை. சித்திரை வெயிலில் தரை கொதித்தால், “அவருக்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்” என்பாள். சமைக்கும்போது கை சுட்டுவிட்டால் தண்ணீரில் காட்ட மாட்டாள். கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அதட்டினால், “இந்தத் துளி பொறுக்க முடியலைன்னா எப்பிடி?” என்பாள். ஏழு வருடம் இப்படி. மாமா இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காபி குடித்தார்.

வங்கித் தேர்வில் நான் முதல் முறையே தேறினேன். அசாமில் சில்சார் கிளைக்குப் போட்டார்கள். அவ்வளவு தூரமா என்று ஊரே கேட்டது. அங்கிருந்துதான் அந்த மலை ஏற வேண்டும் என்று வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்த ஆத்தங்கரையப் பாத்துட்டு வா சாமி. கொஞ்சம் தண்ணி மொண்டுட்டு வா.”

மாமாவிடம் சொன்னேன். ஒருமுறை மண்சரிவு என்றார். ஒருமுறை அனுமதிச் சீட்டு தருவதில்லை என்றார். அந்த மலைக்குள் நுழைய வெளியூர்க்காரர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்றாம் முறை அவர் சில்சார் வழியாக மலைக்கு லோடு கொண்டுவந்தபோது, நான் விடுப்புப் போட்டு, என் பெயரில், என் கையால் நிரப்பி வாங்கிய சீட்டோடு லாரி நிறுத்தத்தில் போய் நின்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படிச்ச புள்ளைகிட்ட என்ன சொல்ல முடியும்? ஏறு சாமி.”

வழியெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே போனேன். பொய் சொல்லக் கூடாது, வெறுப்பு வருவதற்கு முன் கடைசியாக நான் அவரை ரசித்தது அந்த இரண்டு நாள்தான். அடிவாரத்தில் வங்காளிகளிடம் மீன் விலை பேசினார். பீகாரி முடிவெட்டுகிறவனிடம் அவன் ஊர்த் திருவிழாவை விசாரித்தார். நேபாளி தையல்காரன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஏற ஏறப் பனி வண்டிக்குள் நுழைந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது. ஆஞ்சநேயர் சீட்டுக்கு அடியில் போனார், மாதா வந்தாள். சாவடியில் சிப்பாய் என்னைக் காட்டி ஏதோ கேட்டான். இவர் ஏதோ சொன்னார். அவன் எனக்கு சல்யூட் அடித்தான்.

“என்ன சொன்னீங்க?”

“நர்ஸுன்னேன்.”

“நான் பேங்க் ஆபீசர் மாமா.”

“பேங்க்குன்னா லோன் கேப்பான். நர்ஸுன்னா வழி உடுவான். எது வேணும்?”

அன்று இரவு எனக்கு இடம் கொடுத்த வீட்டில் நான் அவருடைய தங்கை மகள். மறுநாள் டயர் கடையில் நான் டீச்சர். மலைச் சந்தையில், பர்மாவிலிருந்து வந்த கம்பளியும் காபிப் பொட்டலமும் பாக்கு மூட்டையும் குவிந்து கிடந்த இடத்தில், கன்னத்தில் சந்தனம்போல ஏதோ பூசிய ஒரு பெண்ணிடம் என்னை அவருடைய முதலாளியின் மகள் என்றார். அவள் எனக்கு ஒரு ஜோடிச் செருப்பை விலை குறைத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் ஒரு பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினார். கீழே பனிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. “இங்கதான் சாமி” என்றார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் வழுக்கி வழுக்கி இறங்கிப் போய், கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். அவர் மேலே நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் எல்லைக்கு முந்தின சின்ன ஊர். சரிவில் ஒட்டிக்கொண்ட வீடுகள், ஒரு தேவாலயம், சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. அவர் நிறுத்த விரும்பவில்லை. எனக்குக் குளிர் தாங்கவில்லை, நிறுத்தச் சொன்னேன். கடைக்காரி ஐம்பது வயதுப் பெண். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, உடைந்த இந்தியில் சொன்னாள்:

“அந்தோணியின் மகள்தானே? அதே நெற்றி, அதே மூக்கு. நான்தானே அந்த முகத்தைத் துடைத்தேன்.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகங்களுக்கும் சேர்த்துப் பொருந்துகிற ஒரு பதில் அவரிடம் இல்லை. “வண்டியப் பாத்துட்டு வாரேன்” என்று வெளியே போனார்.

அவள் என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். தேவாலயத்துக்குப் பின்னால், சரிவில், ஒரே மாதிரி வரிசையாகக் கற்கள். ஒன்றின் மேல் சிமெண்டில் எழுதியிருந்தது: அந்தோணி, சேலம். ஊர் இளைஞர்கள் பதினைந்து பேர் மழையில் குழி வெட்டினார்களாம். யாரோ ஒரு வெளியூர்க்காரன் தனியாகப் போகக் கூடாது என்று ஊரே வந்து உட்கார்ந்து பாடியதாம். அவள் தன் போர்வையை அவர்மேல் போர்த்திப் பெட்டியை மூடினாளாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூ வைக்கிறாளாம். “ஏன் யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன்” என்றாள்.

என் பெயருக்கு முன்னால் நான் போடும் எழுத்து மு. முத்துசாமியின் மகள். முதல் வகுப்பிலிருந்து வங்கி அடையாள அட்டை வரை அந்த எழுத்தோடுதான் வந்திருக்கிறேன். அந்தக் கல்லில் அது இல்லை. இது என் அப்பாவின் பெயர் இல்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏழு வருடம் பூ வைத்தவளிடம் எப்படிச் சொல்வது? நன்றி என்று மட்டும் சொன்னேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இறங்கும் வழியில்தான் மாமா சொன்னார், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல். அந்தோணியின் அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. புதுச் சீட்டுக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சீட்டில் இருந்த போட்டோ கறுப்பாக, யார் என்றே தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. கையில் கொடுத்த தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“அந்தோணின்னு கூப்புட்டா ஜீன்னு சொல்லோணும்னு வழியெல்லாஞ் சொல்லிக் குடுத்தேன். சாவடியில நெசமா கூப்புட்டப்போ ‘என்னங்க’ன்னு திரும்பிட்டான். வண்டியில ஏறி அப்பிடிச் சிரிச்சோம்.”

ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார்கள். அந்தோணி என்றால் கிறிஸ்தவன். ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். இல்லை, இவன் வேறு ஆள் என்று சொன்னால் வண்டியும் போகும், இவரும் உள்ளே போவார்.

“அப்ப அந்தச் சாம்பல்?”

ஒரு வளைவு கழிந்தது.

“அந்தம்மா கடை அடுப்புல எடுத்தேன்.”

“புதைச்சுட்டோம்னு சொல்லியிருக்கலாமில்ல மாமா? எங்கள்ல புதைக்கறதுதான்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சாமி. பொதைச்சேன்னு சொன்னா எடத்தக் காட்டுன்னு கேப்பீங்க. கல்லுல பேரு இருக்குதே. சாம்பல்னா கையில குடுத்தறலாம்.”

“அம்மா ஏழு வருசமா கையச் சுட்டுக்கிட்டிருக்காங்க.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். உண்மையான அந்தோணி காமாலை தேறி, சேலத்தில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். தனக்கு ஒரு கல்லறை இருப்பது அவருக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீர் பாட்டிலை சில்சார் வந்ததும் வாசலில் கொட்டினேன்.

பொங்கல் விடுப்பில் ஊருக்கு வந்தேன். என்ன சொல்வது என்று ரயிலில் மூன்று நாள் யோசித்தேன். ஆற்றைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவரைப் போல ஆக எனக்கு விருப்பமில்லை. அம்மாவை உட்கார வைத்து, கல்லில் இருந்த பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அந்தப் பெயரைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“அப்ப சுடலையா?”

“சுடலைம்மா.”

“நெசமாலுமா? நெருப்பே வெக்கலையா?”

“வெக்கலைம்மா. பெட்டியில வெச்சு, கம்பளி போத்தி, மண்ணுல வெச்சாங்க. ஊரே வந்து பாடுனாங்களாம்.”

அம்மா இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தழும்புகள் இருந்தன. “தலை எந்தப் பக்கம் வெச்சிருக்காங்க?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அன்று சூரியனே வரவில்லை. அங்கே எல்லாக் கற்களும் சரிவு போன போக்கில் நின்றன. எது தெற்கு என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு படித்திருக்கிறேன், கல்லில் பெயரைத்தான் படித்தேன்.

“தெரியலைம்மா.”

“தெக்க இல்லைன்னா எப்பிடி சாமி போவாரு?” அம்மாவின் குரல் பழையபடி இறங்க ஆரம்பித்தது. “அவருக்கு வழி தெரியாதே.”

போனை எடுத்தேன். மலையிலிருந்து இறங்கிய பிறகு நான் மாமாவை அழைத்ததில்லை. நாக்பூரில் இருந்தார். கேட்டேன்.

“அம்மா பக்கத்துல இருக்காங்களா சாமி?”

“இருக்காங்க.”

“ஸ்பீக்கர்ல போடு.”

போட்டேன்.

“தெக்க தலை தங்கச்சி. நம்ம மொறப்படிதான். நானே குழிக்குள்ள எறங்கி நின்னு, திருப்பி வெக்கச் சொல்லி வெச்சேன்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “அது போதுமுங்கண்ணா” என்றாள்.

நான் போனை அணைத்தேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசியதில்லை. அம்மா என்னைப் பார்த்து, “நீ பாக்கலீன்னாலும் அண்ணன் பாத்திருக்காங்க” என்றாள்.

“ஆமாம்மா, தெக்கதான்” என்றேன்.